உப்புத்தண்ணி சார்

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர்களே, முதலில் என் அனுதாபங்கள். வாழ்த்துகளை மற்றவர்கள் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். போர் போடுவது, அதாவது ஆழ்குழாய்க் கிணறு இறக்குவது எப்படி என்று கல்லூரியில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இனி போரை மூடும் வேலைக்கு அனுப்புவார்கள். கூடவே ஒரு கையேடும் தருவார்கள். எத்தனை அடிக்குக் களிமண், எத்தனை அடிக்கு ஜல்லி, மேலே எவ்வளவு கனத்தில் சிமெண்ட் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. அந்தக் கையேட்டை மனப்பாடமாக வைத்திருந்த ஒருவனுக்கு ஓர் ஊரே பட்டப்பெயர் வைத்த கதையை மட்டும் சொல்கிறேன். அந்த ஒருவன் நான்தான்.

ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் இருக்கிறது. மேட்டூரைத் திறந்தால் கடைசியாகத் தண்ணீர் வருகிற ஊர், மூடினால் முதலில் காய்கிற ஊர். தை மாதக் கடைசியில் ஆறு நின்றுவிடும். பிறகு ஆனியோ ஆடியோ, புதுத்தண்ணீர் வரும்வரை வெறும் மணல்தான். ஆனால் ஆறு வளைகிற இடத்தில் நாவல் மரத்தடியில் ஆழமான ஒரு மடு உண்டு. விரால், கெளுத்தி, ஆரால், கெண்டை, அயிரை என்று ஆற்று மீன்கள் எல்லாம் கோடையை அந்த மடுவில் கிடந்துதான் தாண்ட வேண்டும். புதுத்தண்ணீர் வந்ததும் அங்கிருந்து வாய்க்கால், வயல் என்று பரவும்.

கோடையில் மடுவுக்கு மேலேயிருந்து தண்ணீர் வருவதில்லை. கரைக்கு அடியிலிருந்து ஊறித்தான் வரும். கரையோரம் வரிசையாகப் போர் போட்டுக் கோடை நெல்லுக்கு இறைக்கத் தொடங்கினார்கள், ஊற்று நின்றது. மடு மாசியிலேயே வற்றியது, மீன் போயிற்று. நல்ல தண்ணீர் இறங்கிய இடத்துக்குக் கடல் பக்கத்திலிருந்து உப்பு ஏறிக்கொண்டு வந்தது. கரையோரப் போர்களை மூடிவிட்டுக் கோடையில் பழையபடி உளுந்தும் பயறும் விதைப்பது, மடுவையும் மீனையும் மீட்பது என்று ஒரு திட்டம் வந்தது. எனக்குக் கொடுத்த இலக்கு இருபது போர்.

ஊர்க்கூட்டத்தில் நான் பேசினேன். ஒரு மணி நேரம் பேசினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்குப் பத்து நிமிடம் போலத்தான் இருந்தது. "எல்லாரும் நிறுத்தினால் மடு ஊறும், உப்பு பின்வாங்கும், விரால் துள்ளும்" என்று முடித்தேன். கைதட்டினார்கள். டீ வந்துவிட்டதற்காகத் தட்டினார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் ஆளாக முன்வந்தவர் ஊரின் ரைஸ்மில் உரிமையாளர். ஊரில் எல்லாரும் மில்லுக்காரர் என்பார்கள். போரை மூடுவதை அவர் ஒரு விழாவாகவே நடத்தினார். வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் வைத்து, மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். போர் போடும்போது பூஜை செய்வது எல்லாருக்கும் தெரியும். மூடும்போது என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அழைத்து வந்த குருக்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது கல்யாண வகையா, கருமாதி வகையா, சொல்லிடுங்கோ. மந்திரம் வேற வேற" என்று கேட்டார். நான் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதில் இல்லை. கடைசியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துச் சமாளித்தோம். நாதஸ்வரக்காரர் மட்டும் கெட்டிமேளம் வாசித்துவிட்டார்.

மில்லுக்காரர் மூடினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே மாதத்தில் அவருடையதோடு சேர்த்துப் பத்தொன்பது போர்கள் வந்து குவிந்தன. போரைக் கொடுத்தவர்களுக்கு ஊக்கத்தொகை உண்டு, ஒரு கேடயமும் உண்டு. கூட்டம் தாங்காமல் களிமண், ஜல்லி கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, குழாயின் தலையில் மட்டும் சிமெண்டைப் பூசிப் படம் எடுத்துக்கொண்டோம். மாவட்டத்திலேயே முதல் ஆளாக இலக்கை நெருங்கியவன் என்று மேலதிகாரி என் தோளில் தட்டினார். அவர் எந்த உத்தரவையும் எழுத்தில் தராதவர். தட்டுவதோடு சரி.

இருபதாவதாக வந்தவர் அஞ்சம்மாள். ஐம்பது வயதிருக்கும். மாமனார் மில்லுக்காரர் குடும்பத்து வயலில் கூலி வேலை பார்த்தவர். இப்போது அஞ்சம்மாளுக்கு மடுவை ஒட்டி அரை ஏக்கர் சொந்தமாக இருக்கிறது. ஒரே மகள் மன்னார்குடியில் நர்ஸ். அந்த மகளின் முதல் சம்பளங்களில் போட்ட போர்தான் அது. நல்ல தண்ணீர், நன்றாக இறைக்கிற போர்.

"ஏம்மா, நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"எல்லாரும் நிறுத்துனாத்தான் உப்பு போவும்னு நீங்கதானே சார் பேசுனீங்க. எல்லாரும்னா நானுந்தானே?"

முப்பது ஆண்டு சர்வீஸில் என் மேடைப்பேச்சை நம்பிய ஒரே ஆள் அவர்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. பயந்திருக்க வேண்டும்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். ஆறு வர வரைக்கும் குறுவை நாத்துக்கு நான் தண்ணிக்கு எங்க போறது?"

"மடுவுல மொண்டு ஊத்திக்குங்க. மடு வத்தாம, கெடாமப் பாத்துக்கறது என் பொறுப்பு."

"எழுதிக்குங்க."

சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்து எழுதிக்கொண்டேன். எழுதியதைக் காட்டவும் செய்தேன். சிமெண்டு கலக்கிக்கொண்டிருந்த ஆட்களிடம் அவர் சொன்னார்: "அரைகுறையா மூடாதீங்கப்பா. அப்பறம் எனக்கே தொறக்கணும்னு ஆசை வந்துரும்." அவருடைய போரை மட்டும் கையேட்டின்படி அடி முதல் முடி வரை அடைத்தோம். அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை மோட்டாரைப் போட்டு, ஒரு குடம் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். நாதஸ்வரம் இல்லை. குருக்கள் இல்லை. நானும் அன்றைக்குக் கேமராவை எடுத்துப் போகவில்லை.

இருபதும் முடிந்த மறுநாள் டீக்கடையில் ஊர் வயர்மேனைப் பார்த்தேன். கம்பம் ஏறி மின்சார இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பையன், என் வயதில் பாதிகூட இருக்காது. உங்களுக்குச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அது அவன்தான். நான்தான் சரியான மாணவனாக இல்லை.

"கங்கிராஜுலேஷன்ஸ் சார். இருபதுமே மூடிட்டீங்களாம்ல."

"ஆமாப்பா."

"அதுல பத்தொம்பதுக்கு நான் கரண்ட்ட நிறுத்தியே பல வருசமாச்சு சார். உப்பா மாறிப்போன போருங்க. மில்லுக்காரருக்கு ஓடுற போரு எதிர்க்கரைல இருக்கு. எது ஓடுது, எது ஓடலன்னு என்கிட்ட லிஸ்ட்டே இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன். அவன் விடவில்லை. "மூடுறதுக்கு முன்னாடி ஒண்ணுலயாச்சும் தண்ணிய வாயில வச்சுப் பாத்தீங்களா சார்?"

அன்றைக்கே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உங்களில் யாராவது அந்த நிலைமையில் இருந்தால் உடனே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் அலுவலகத்துக்குப் போய், 'மூடப்பட்டவை: இருபது' என்று அழகான கையெழுத்தில் ஃபைலில் எழுதிவைத்தேன். பொய் இல்லைதானே? மூடியது இருபதுதான்.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த ஒரே ஒரு உண்மையான போர் மடுவுக்குப் பத்தடியில் இருந்தது. அது நின்றதும் மடுவில் தண்ணீர் வற்றாமல் நின்றது. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, மடுவில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. வைகாசியில் ஒரு கோடை மழைக்குப் பிறகு அஞ்சம்மாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தாய் விரால் ஒன்று, செக்கச்செவேலென்ற குஞ்சுகளை மந்தையாகக் கூட்டிக்கொண்டு மேலே வந்து வந்து போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் திட்டம் என்று என்னால் முதன்முதலாகச் சொல்ல முடிந்தது.

அஞ்சம்மாள் அந்த மடுத் தண்ணீரை நம்பிக் கரையில் பாய் நாற்றங்கால் விட்டிருந்தார். பிளாஸ்டிக் தாளின் மேல் மண் பரப்பி விதைப்பது. நாற்று வளர்ந்ததும் பாய் போலச் சுருட்டி எடுத்துப்போய் நடலாம். பூவாளியால் காலையும் மாலையும் தெளித்துக்கொண்டிருந்தார். நாற்று பச்சைப்பசேலென்று இருந்தது. அந்த வருடத்துக் குறுவை முழுவதும் அந்தச் சின்னப் பாயில்தான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துச் சென்னையிலிருந்து உயரதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. மேலதிகாரி மடுவை வந்து பார்த்தார். "என்னய்யா இது, முழங்கால் தண்ணி? போட்டோவுல குட்டை மாதிரில்ல விழும்? ஏதாவது பண்ணு" என்றார். என்ன பண்ணுவது என்று வழக்கம்போல அவர் சொல்லவில்லை. யோசனை முழுக்க என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

போர்களை மூடியதால் மடு நிறைந்தது என்று காட்ட, ஒரு போரைத் திறந்து மடுவை நிரப்புவது என்று முடிவு செய்தேன். இன்னொரு முறை படித்துப் பாருங்கள், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். படித்தவன், பட்டம் வாங்கியவன், நல்ல வெயிலில் சுயநினைவோடு எடுத்த முடிவு அது.

நல்ல தண்ணீர் போர் வைத்திருந்தவர்கள் கோடை நெல்லுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள், தரவில்லை. மில்லுக்காரர்தான் பெரிய மனசு பண்ணினார். "நம்ம மூடுன போரையே தொறந்துக்குங்க சார். மேடையில எனக்கு ஒரு சேர் மட்டும் போட்டுடுங்க" என்றார். தலையில் மட்டும் பூசிய சிமெண்ட்தானே, கடப்பாறையால் நாலு தட்டுத் தட்டியதும் கழன்று வந்தது. இணைப்புக் கொடுக்க வயர்மேனைக் கூப்பிட்டேன். அவன் கம்பத்தடியில் நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"சார், அந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சுட்டு வாங்க. நான் கனெக்ஷன் தரேன்."

"நேரமில்ல தம்பி. போட்டோவுக்குத்தானே, கொஞ்சம் உப்பு இருந்தா என்ன? குடு."

"ஒரு வாய் சார்."

"நான் சொல்றேன்ல, குடு."

கொடுத்தான். இரண்டு நாள் பகல் முழுக்க மோட்டார் ஓடியது. மடு இடுப்பளவுக்கு ஏறி, அலையடித்துக்கொண்டு, படத்துக்கு ஏற்றபடி நின்றது. கரையில் ஷாமியானா போட்டு, 'மீண்டு வந்த நம் நாட்டு மீன்கள்' என்று ஒரு பேனர் கட்டினோம். பேனரில் இருந்த மீன் கட்லா. வடக்கே கங்கைப் பக்கத்து மீன். அதைக் கவனித்துச் சொல்லவும் வயர்மேன்தான் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலை. உயரதிகாரி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மடு முழுக்கக் கெண்டையும் அயிரையும் வயிறு வெளுத்து மிதந்தன. பெரிய விரால்கள் மட்டும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சிவப்பு மந்தை எங்கேயும் இல்லை. நான் தண்ணீரில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். ஓடிப்போய்த் துப்பினேன்.

"வலை போட்டு அள்ளிடு. சீக்கிரம்" என்றார் மேலதிகாரி. ஆட்கள் அள்ள ஆரம்பித்தார்கள். ஒரு கூடை நிறைந்தது, இரண்டு கூடை நிறைந்தது, மிதப்பது குறையவில்லை.

அஞ்சம்மாள் வந்தார். நாற்றுப் பாயில் ஒரு துண்டை அறுத்துச் சுருட்டிக் கையில் கொண்டுவந்திருந்தார். என் முன்னால் அதை விரித்துப் போட்டார். நுனியெல்லாம் கருகிச் சுருண்டு கிடந்தது. இரண்டு நாளாக அவர் தெளித்தது என் தண்ணீரைத்தான்.

"நான் மூடிக் குடுத்தது நல்ல போரு சார். நீங்க தொறந்து விட்டது கெட்ட போரு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, அழவில்லை. அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம். அவருடைய போரை இனித் திறக்கவும் முடியாது. அதைத்தான் நாங்கள் அடி முதல் முடி வரை ஒழுங்காக அடைத்திருந்தோமே.

கார் வந்தது. உயரதிகாரி இறங்கினார், பேனரைப் பார்த்தார், மடுவைப் பார்த்தார். "மீன் ஏன் செத்திருக்கு?" என்றார்.

"ஹீட் சார். வைகாசி வெயில்" என்றார் மேலதிகாரி.

"இந்த வருசம் வெயில் ரொம்ப ஜாஸ்திங்க" என்று மில்லுக்காரர் நாற்காலியிலிருந்தே ஆமோதித்தார்.

உயரதிகாரியின் பார்வை தரையில் கிடந்த நாற்றில் விழுந்தது. அஞ்சம்மாளிடம் திரும்பி, "என்னம்மா ஆச்சு? நீங்க சொல்லுங்க" என்றார். எல்லார் கண்ணும் அவர் மேல். ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும், ஓய்வுக்கு மூன்று வருடம்கூட இல்லை. அஞ்சம்மாள் என்னைக் கை காட்டினார்.

"அவரைக் கேளுங்க சார். அவருதான் எழுதி வச்சிருக்காரு."

டைரி சட்டைப்பையில் இருந்தது. மேலதிகாரி என்னைப் பார்த்து 'வெயில்' என்று உதட்டை மட்டும் அசைத்தார். நான் உண்மையைச் சொன்னேன். இதை வீரம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பின்னால் வயர்மேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தான். நான் சொல்லாவிட்டால் அவன் சொல்லிவிடுவான். அவன் சொல்லி நான் மாட்டுவதைவிட நானே சொல்லி மாட்டுவது கொஞ்சம் கௌரவம் என்று தோன்றியது, அவ்வளவுதான். எந்தப் போர், எத்தனை நாள், யார் யோசனை எல்லாம் சொன்னேன்.

உயரதிகாரி சத்தம் போடவில்லை. மூன்றே கேள்வி கேட்டார்.

"மொத்தம் எத்தனை போர் மூடினீங்க?"

"இருபது சார்."

"அதுல ஓடிக்கிட்டிருந்தது எத்தனை?"

"ஒண்ணு."

"யாரோடது?"

நான் அஞ்சம்மாளைக் காட்டினேன். அவர் குனிந்து நாற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்த நாற்றை வைத்து இனி ஒன்றும் செய்ய முடியாது, ஆனாலும் ஒரு மண்கட்டி உதிராமல் சுருட்டினார். உயரதிகாரி காரில் ஏறிப் போய்விட்டார். சமைத்த சாப்பாடு வீணாகவில்லை, மில்லுக்காரர் பார்த்துக்கொண்டார்.

எனக்கு மெமோ வந்தது. வர வேண்டியதுதான். மேலதிகாரிக்கு வரவில்லை, அவர்தான் எதையும் எழுத்தில் தருவதில்லையே. அஞ்சம்மாளுக்கு அந்த வருடம் குறுவை போயிற்று. ஆடிக் கடைசியில் ஆறு வந்த பிறகு சம்பாவுக்குத்தான் மறுபடி விதை விட்டார். அந்த மூன்று மாதம் அவர் மற்றவர்கள் வயலில் நடவுக்குப் போனதை நான் பார்த்தேன். ஒரு பொறியாளனுக்கு எத்தனை வகைத் தண்டனை இருந்தாலும் அதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

மறு தை பிறந்ததும் வயர்மேனிடம் போய் அந்த லிஸ்ட்டைக் கேட்டேன். ஓடுகிற போர்கள் ஒன்பது. லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனால், "நாங்கதான் ஏற்கெனவே மூடிட்டமே சார், கேடயம்கூட இருக்கு" என்று ஷோகேஸைக் காட்டினார்கள். அடுத்த வீட்டுக்கு நடந்தேன். ஒரு நாள் அஞ்சம்மாள் தானாக வந்து கூட நடந்தார். நேராக மில்லுக்காரர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். அஞ்சம்மாளின் மாமனார் பின்பக்கமாகத்தான் அந்த வீட்டுக்குப் போவாராம்.

"என் ஒரு போர நிறுத்துனதுக்கே மடு வைகாசி வரைக்கும் நின்னுச்சுங்க. ஊரே பாத்துச்சு. உங்க எதிர்க்கரைப் போரையும் நிறுத்துனா ஆனி வரைக்கும் நிக்கும். நிக்கலன்னா என்னைக் கேளுங்க. இந்த சாரைக் கேக்காதீங்க."

மில்லுக்காரர் அன்றைக்கே சரி சொல்லவில்லை. நாலாம் முறை போனபோது சொன்னார். நாதஸ்வரம் வைக்கவில்லை, அதனால் உண்மையான போர் என்று தெரிந்துகொண்டேன். இருந்தாலும் வயர்மேன் என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தான். குடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். ஒன்பதையும் மூடி முடிக்க இரண்டு வருடமாயிற்று. அதோடு ஓய்வு பெற்றேன்.

உங்கள் கையேட்டில் கடைசிப் பக்கம் காலியாக இருக்கும். 'மூடும் முன் குடித்துப் பார்' என்று அதில் எழுதிக்கொள்ளுங்கள். போருக்கு மட்டுமில்லை, உங்கள் முன்னால் வருகிற எல்லா ஃபைலுக்கும் அது பொருந்தும்.

போன வைகாசியில் அந்த ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் யாரோ, "உப்புத்தண்ணி சார் வந்திருக்காருடா" என்று உள்ளே குரல் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், 'சார்' இருந்ததே. மடுவில் இடுப்பளவு தண்ணீர், யாரும் மோட்டார் வைத்து நிரப்பாத தண்ணீர். நாவல் மரத்து நிழலில் அந்தச் சிவப்பு மந்தை மேலே வந்து போயிற்று. பக்கத்தில் அஞ்சம்மாளின் நாற்றுப் பாய் பச்சையாக இருந்தது.

அவர் என்னிடம் நலம் விசாரிக்கவில்லை. மடு ஓரத்து மணலைக் கையால் பறித்தார். ஊறி வந்ததும் கலங்கலை இரண்டு தடவை இறைத்து விட்டு, மூன்றாவதாக ஒரு சொம்பில் மொண்டு நீட்டினார்.

"குடிங்க."

குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"எழுதிக்குங்க."

கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. ஓய்வு பெற்றவனிடம் டைரி ஏது? தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையாக நின்றேன். அவர் சொம்பை என்னிடமிருந்து வாங்கவில்லை.

"அப்ப மிச்சத்தையும் குடிங்க" என்றார். "மறக்காம இருக்கும்."